சேவ் பண்ண மறந்திருப்பீங்க

ராயபுரம்
9 ஜூலை 2025

கர்த்தருக்குள் பிரியமான செல்விக்கு,

நான் சுகம். உன் முழங்கால் மாடிப்படி ஏற விடுகிறதா? போன கடிதத்தில் நீ தேதி போடவில்லை. பாலிடெக்னிக்கில் அத்தனை வருடம் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவள் தேதி இல்லாமல் எழுதலாமா?

உன் தொழிலைப் பற்றி ஒரு கேள்வி. காலையில் என் கணினியின் பொத்தானை அழுத்தினால், நான் குளித்து, ஜெபித்து, காபி போட்டு வந்த பிறகுதான் அது கண் திறக்கிறது. சபையில் ஞாயிறன்று போதகர் வாசிக்கும் தாளை நான்தான் தட்டச்சு செய்கிறேன் என்பது உனக்குத் தெரியும். பிறந்தநாள், திருமணநாள் காணும் எல்லாக் குடும்பங்களின் பெயரும் வருடப் பட்டியலாக அந்தக் கணினிக்குள்தான் இருக்கிறது. தண்டையார்பேட்டையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ரஹீம் வந்து பார்த்தான்.

"இன்னாமா நீ, உள்ள இன்னும் சுத்துற டிஸ்க்கு ஓடிகினு கீது. இத்த கழட்டிட்டு ஒரு எஸ்.எஸ்.டி. போடு. ராக்கெட் மாறி கெளம்பும்" என்றான். எழுபத்து நான்கு வயதுக்காரியை 'நீ' என்கிறான். தன் தாயையும் அப்படித்தான் கூப்பிடுகிறான் என்பதால் விட்டுவிட்டேன்.

இரண்டு காட்டினான். ஒன்று பெயர் தெரிந்த கம்பெனி. மற்றது பெட்டியில் சிறுத்தைப் படம் போட்டது. பாதி விலை, இரண்டு மடங்கு இடம். எதை வாங்க?

போனில் கேட்கலாம், உனக்குக் காது கேட்காது. வாட்ஸ்அப்பில் எழுதலாம், என் போனுக்கு வருவதெல்லாம் பெங்களூரில் இருக்கும் என் மகன் அஜினுக்கும் தெரியும்படி அவனே இணைத்து வைத்திருக்கிறான். என் பாதுகாப்புக்காம். இந்த வீட்டை விற்றுவிட்டு ஓசூர் பக்கம் ஏதோ மூத்தோர் குடியிருப்பில் என்னைச் சேர்க்க வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். கணினி ஓடவில்லை என்று தெரிந்தால் அதற்கும் அதையே மருந்தாகச் சொல்வான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா
தேவப்பிரியம்


நாகர்கோவில்
17 ஜூலை 2025 (தேதி போட்டுவிட்டேன்!)

அன்புள்ள அக்கா,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் பாதி வலி போய்விட்டது. மீதி வலிக்குத் தைலம் போடுகிறேன்.

சிறுத்தை வேண்டாம் அக்கா. எஸ்.எஸ்.டி.க்குள் சுழல்வது எதுவும் கிடையாது, எல்லாம் சில்லுகள்தான். எழுத எழுத அந்தச் சில்லுகள் தேயும். நல்ல கம்பெனி நல்ல சில்லு போட்டு, எவ்வளவு எழுதினால் தேயும் என்பதையும் அட்டையிலேயே சொல்லும். பெயர் இல்லாதவர்கள் மற்றவர்கள் கழித்துப்போட்ட சில்லைக்கூட உள்ளே வைத்து மூடிவிடுவார்கள். மூன்று வருட உத்தரவாதம் உள்ளதை, சின்னதாக இருந்தாலும், வாங்குங்கள். பழைய டிஸ்க்கைத் தூக்கி எறியாதீர்கள்.

துறைமுக லாரிப் புகையில் ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டாம். இருமல் வரும்.

உங்கள்
ஞானசெல்வி


ராயபுரம்
24 ஜூலை 2025

பிரியமான செல்வி,

சமாதானம் உண்டாவதாக. உன் கடிதம் செவ்வாய் வந்தது. சிறுத்தை திங்கட்கிழமையே வந்துவிட்டது.

உன்னைக் கேட்டுவிட்டுக் காத்திருக்காதது என் தவறு. ஆனால் நீ பார்க்க வேண்டும். பொத்தானை அழுத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் திரை வந்து நிற்கிறது. பழையதில் இருந்த எல்லாவற்றையும் ரஹீம் மாற்றிக் கொடுத்தான். ஒவ்வொரு கோப்பையும் நானே திறந்து பார்த்து, சரிபார்த்த பிறகுதான் அவனைப் போகவிட்டேன். "உன்னாண்ட வேல செஞ்சா பரீட்ச எழுதுற மாறி கீதுமா" என்றான். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

பழைய டிஸ்க் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. ஆகவே கவலைப்படாதே.

அக்கா


ராயபுரம்
22 செப்டம்பர் 2025

பிரியமான செல்விக்கு,

நீ நலமா? நான் இருக்கிறேன்.

இம்மாதம் ஆறாம் தேதி எங்கள் சபையில் ஒரு சாவு. ஜெனிஷ் என்று ஒரு பையன், எண்ணூரில் துறைமுகக் கிரேன் ஓட்டுபவன். வேலை முடிந்து வந்து உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. மனைவி மகிமாவுக்கு இன்னும் முப்பதுகூட ஆகவில்லை. அடக்கம் முடிந்து வந்த மாலையே, முகம் கழுவுவதற்கு முன், வருடப் பட்டியலைத் திறந்து அவர்களுடைய திருமணநாள் வரியை எடுத்துவிட்டேன். அது என் வழக்கம். இறந்தவர் பெயர் என் தாளில் ஒரு வாரம்கூடத் தங்காது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், இங்கே சில காரியங்கள் சரியில்லை. போன வாரம் தயாரித்த ஞாயிறு தாளைத் தேடினால் இல்லை. போதகருக்கு எழுதி வைத்த கடிதம் இல்லை. நான் அழித்துப்போட்ட படங்கள் திரும்ப வந்து இருக்கின்றன. இடி மழைக்குப் பயந்து கணினியை அணைத்துவிட்டு மறுநாள் போடும்போதெல்லாம் ஏதாவது ஒன்று காணாமல் போகிறது.

ரஹீம் வந்து பார்த்தான். "டிஸ்க்கு ஷோக்கா கீதுமா. நீ சேவ் பண்ண மறந்துட்டிருப்பே" என்றான்.

அஜினிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவனும் அதையே சொன்னான். "சேவ் பண்ண மறந்திருப்பீங்கம்மா. பரவாயில்ல." முதல் வாக்கியத்துக்கு எனக்குக் கோபம் வந்தது. இரண்டாவதற்குப் போனை வைத்துவிட்டேன். நம் அம்மாவுக்கு மறதி தொடங்கியபோது நீயும் நானும் இப்படித்தான் 'பரவாயில்லை' சொல்ல ஆரம்பித்தோம். கடைசி நான்கு வருடம் அவர்கள் என்னை 'டீச்சர்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

அம்மாவைப் பற்றி நீ பதில் எழுத வேண்டாம். டிஸ்க்கைப் பற்றி மட்டும் எழுது.

அக்கா


நாகர்கோவில்
29 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்கா,

ஜெனிஷ் குடும்பத்துக்காக ஜெபித்தேன். டிஸ்க்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் சின்ன மென்பொருள் ஒன்று இருக்கிறது. ரஹீமிடம் போடச் சொல்லி, அதில் எத்தனை சதவீதம் காட்டுகிறது என்று எழுதுங்கள். வேலை முடிந்ததும் நீங்கள் கணினியை முழுதாக அணைக்கிறீர்களா, 'ஸ்லீப்' போட்டுத் தூங்க மட்டும் விடுகிறீர்களா?

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். கோபத்தில் நீங்கள் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவீர்கள்.

ஞானசெல்வி


ராயபுரம்
8 அக்டோபர் 2025

செல்வி,

சுகம் விசாரிக்கக் கை ஓடவில்லை. மன்னித்துக்கொள்.

ஞாயிறு ஆராதனையில் திருமணநாள் காண்கிறவர்களை முன்னே வரச்சொல்லிப் போதகர் என் தாளைப் பார்த்து வாசித்தார். வாசித்துக்கொண்டே வந்தவர், "திரு. ஜெனிஷ், திருமதி மகிமா" என்றார். அவர் இந்த வருடம் வந்த புதியவர். யார் இருக்கிறார், யார் இல்லை என்று முழுதாகத் தெரியாது. பெயர் காதில் விழுந்ததும் மகிமா பழக்கத்தில் எழுந்து நின்றுவிட்டாள். இரண்டு அடி எடுத்தும் வைத்தாள். அதற்குப் பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அப்படியே நடுவழியில் நின்றாள். பாடகர் குழு வாழ்த்துப் பாட்டைத் தொடங்கிவிட்டது.

நான் அந்த வரியை எடுத்தேன், செல்வி. எடுத்தேன். எடுத்ததனால்தான் அந்த வாரப் பெயர்களைத் திரும்பப் பார்க்காமல் அப்படியே தாளில் ஒட்டினேன். ஒருமுறை திருத்தியதை மறுபடி திருத்துவது தன்னையே நம்பாதவள் செய்கிற வேலை என்று கான்வென்ட்டில் சிஸ்டர் பெர்னதெத் சொல்வார்கள். வாழ்நாள் முழுவதும் அப்படித்தான் இருந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து பட்டியலைத் திறந்தேன். அந்த வரி அங்கேயே இருக்கிறது, யாரும் தொட்டதே இல்லை என்பது போல.

யாரோ அஜினுக்குச் சொல்லியிருக்கிறார்கள். "கிறிஸ்மஸுக்கு வரும்போது முடிவு பண்ணிடலாம்மா. இனிமே நீங்க தனியா இருக்க வேண்டாம்" என்றான். பின்னால் மருமகள் ஜெஸ்லின், "இப்போ ஏன் அத்தையைப் பயமுறுத்துறீங்க?" என்று சொல்வதும் கேட்டது.

நீ கேட்ட சதவீதம்: தொண்ணூற்று எட்டு. பச்சை நிறத்தில் 'நன்று' என்று காட்டுகிறது. டிஸ்க் நன்றாக இருக்கிறதாம். அப்படியானால் பழுது எங்கே?

வேலை முடிந்தால் தூங்கத்தான் விடுவேன். இடி இடித்தால் முழுதாக அணைப்பேன்.

தேவப்பிரியம்


நாகர்கோவில்
14 அக்டோபர் 2025

அன்புள்ள அக்கா,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்தப் பெண் நின்றதை நினைத்தேன். நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததையும் நினைத்தேன்.

அந்தச் சதவீதத்தை நம்பாதீர்கள். 'நான் நலம்' என்று டிஸ்க் தன்னைப் பற்றித் தானே சொல்வதைத்தான் அந்த மென்பொருள் எடுத்துக் காட்டுகிறது. மலிவான டிஸ்க் பொய் சொல்லும். அணைத்துப் போடும்போது மட்டும் காணாமல் போகிறது என்கிறீர்களே, அதில்தான் விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். என்னோடு வேலை பார்த்தவர்களிடம் விசாரித்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை பென் டிரைவில் இன்னொரு பிரதி வையுங்கள்.

ஞானசெல்வி


ராயபுரம்
21 அக்டோபர் 2025

கர்த்தருக்குள் பிரியமான செல்விக்கு,

நான் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

உன்னிடம் ஒரு காரியத்தை மறைத்துவிட்டேன். வெட்கத்தால் எழுதவில்லை. இன்று எழுதிவிடுகிறேன். இம்மாதம் முதல் ஞாயிறு, திருமணநாள் காண்கிறவர்களைப் போதகர் முன்னே அழைத்தபோது, இறந்துபோன ஜெனிஷின் பெயரும் என் தாளில் இருந்தது. மகிமா பழக்கத்தில் எழுந்து இரண்டு அடி வைத்துவிட்டு நடுவழியில் நின்றாள். பாடகர் குழு வாழ்த்துப் பாட்டைத் தொடங்கிவிட்டது. அந்த வரியை நான் அடக்கத்தன்று மாலையே எடுத்துவிட்டேன், செல்வி. சத்தியமாக எடுத்தேன்.

அஜின் கிறிஸ்மஸுக்கு வந்து முடிவு செய்வானாம். இதை உனக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். கோபித்துக்கொள்ளாதே.

வேறு விசேஷம் இல்லை. நேற்று வாசல் கதவு திறந்தே கிடந்தது. லாரிக்காரர்கள் யாராவது தண்ணீர் கேட்டு வந்து தள்ளியிருக்க வேண்டும்.

அக்கா


நாகர்கோவில்
3 நவம்பர் 2025

அன்புள்ள அக்கா,

பதில் தாமதமாகிவிட்டது. முழங்கால் அல்ல காரணம். உடம்புக்கு ஒன்றுமில்லை.

டிஸ்க்கைச் சோதிக்க வழி கண்டுபிடித்துவிட்டேன். சில மலிவு டிஸ்க்குகள் பழுதாகும்போது சத்தம் போடாது. நீங்கள் எழுதுவதை வாங்கிக்கொள்ளும், 'எழுதிவிட்டேன்' என்றும் சொல்லும். உண்மையில் எழுதியிருக்காது. மின்சாரம் இருக்கும்வரை எல்லாம் சரியாகத் தெரியும். அணைத்துப் போட்டால் பழுதான நாளுக்குத் திரும்பிப் போய் நிற்கும்.

வேண்டாத படம் ஒன்றை அழியுங்கள். இன்றைய தேதியில் புதிதாக ஒரு கோப்பு எழுதிச் சேமியுங்கள். முழுதாக அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, சற்று நேரம் கழித்துப் போடுங்கள். இதையெல்லாம் தனியாகச் செய்யாதீர்கள். யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்துச் செய்யுங்கள்.

பக்கத்தில் ஆள் அவசியம் அக்கா.

ஞானசெல்வி


ராயபுரம்
12 நவம்பர் 2025

என் அருமைத் தங்கைக்கு,

இன்று நான் உண்மையிலேயே சுகம்!

நீ சொன்னபடியே செய்தேன். சாட்சிக்குப் பச்சையம்மா. காசிமேட்டிலிருந்து எனக்கு மீன் கொண்டுவருபவள். கூடையை வாசலில் வைத்துவிட்டு, கையைக் கழுவச் சொல்லி, நாற்காலியில் உட்கார வைத்தேன். ரோஜாப்பூவும் 'இனிய காலை'யும் போட்ட ஒரு படத்தை அவள் கண்ணெதிரில் அழித்தேன். தேதி போட்டு ஒரு கோப்பு எழுதினேன். "பச்சையம்மா சாட்சி" என்று அதில் எழுதி, அவளுக்கே வாசித்தும் காட்டினேன். பிளக்கை அவளே பிடுங்கினாள்.

திரும்பப் போட்டோம். ரோஜாப்பூ இருக்கிறது. பச்சையம்மா சாட்சியைக் காணோம்.

"அய்ய, இன்னாமா இது! அழிச்ச பூவு மறுபடியும் வந்து பல்ல இளிச்சிகினு நிக்குது. என் பேரு எங்க? உள்ள பேய் எதுனா பூந்துகிச்சா?" என்று எழுந்து நின்றுவிட்டாள்.

"பேய் இல்லை, மலிவுச் சரக்கு" என்றேன்.

"அப்ப உன் மேல தப்பு இல்ல. நான் எந்த சர்ச்சுல வேணாலும் வந்து சொல்றேன். மீனு நாறும், பரவாயில்லியா?"

ரஹீமை வரவழைத்துக் காட்டினேன். இரண்டு முறை அவனே செய்து பார்த்தான். காதைப் பிடித்துக்கொண்டான். "மன்னிச்சிக்கமா. மெஷினு மேல தப்ப வெச்சிகினு நீதான் மறந்துட்டேன்னு உன்னாண்ட சொல்லிட்டேன். இன்னிக்கே நல்ல கம்பெனி மாத்தித் தரேன்." மாற்றிவிட்டான். பீரோவில் இருந்த பழைய டிஸ்க்கிலிருந்து பட்டியலை எடுத்து முழுவதையும் திருத்திவிட்டேன். மகிமாவிடமும் போய்ச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இனி உன் வேலை. அஜினுக்கு நீ ஒரு கடிதம் எழுத வேண்டும். துறை தெரிந்தவள் நீ. உன் வார்த்தையை அவன் மதிப்பான். பழுது டிஸ்க்கில்தான், அம்மாவிடம் ஒரு பழுதும் இல்லை, தனியாக இருக்க அவளால் முடியும் என்று உன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போடு. கிறிஸ்மஸுக்கு முன் அவனுக்குக் கிடைக்க வேண்டும்.

மிகுந்த சந்தோஷத்துடன்
அக்கா


நாகர்கோவில்
25 நவம்பர் 2025

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள்.

அஜினுக்கு இன்று எழுதிவிட்டேன். ஜெனிஷ் பெயர் வந்ததற்கும், கோப்புகள் காணாமல் போனதற்கும் டிஸ்க் மட்டுமே காரணம், உங்கள் பேரில் குற்றமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அது உண்மை. ஆனால் நீங்கள் கேட்ட மற்ற வாக்கியத்தை எழுத முடியவில்லை.

இத்துடன் நீங்கள் எழுதிய இரண்டு கடிதங்களின் நகலை வைத்திருக்கிறேன். ஒன்று அக்டோபர் எட்டு. மற்றது இருபத்தொன்று. இரண்டிலும் மகிமா எழுந்து நின்றதைச் சொல்கிறீர்கள். இரண்டாவதில், அதை என்னிடம் மறைத்துவிட்டதாகச் சொல்லி, முதல் முறையாக எழுதுவதுபோல் எழுதுகிறீர்கள். இடையில் நான் பதிலும் போட்டிருந்தேன்.

இரண்டாவது வந்த அன்று என்ன செய்வதென்று தெரியவில்லை. அதனால்தான் தாமதித்தேன், அதனால்தான் டிஸ்க்கைப் பற்றி மட்டும் எழுதினேன். யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் எழுதியது சோதனைக்காக மட்டுமல்ல. உங்களிடம் இதைச் சொல்லாமலே இருந்துவிடலாம் என்று பல முறை நினைத்தேன். சொல்லாமல் விட்டால் நானும் உங்களிடம் 'பரவாயில்லை' சொல்பவளாகிவிடுவேன்.

இது ஒன்றுமே இல்லாததாகவும் இருக்கலாம். மனம் கலங்கியிருந்த நாட்கள் அவை. டாக்டர் சொல்லட்டும். அஜினிடம் இதை நான் சொல்லவில்லை; சொல்ல வேண்டியவர் நீங்கள். நீங்கள் வரச்சொன்னால் நான் வருகிறேன், ஓரிரு நாளுக்கு அல்ல. இந்த வீட்டில் எனக்காகக் காத்திருப்பவர் யாரும் இல்லை.

என்னை மன்னியுங்கள்.
செல்வி


ராயபுரம்
15 டிசம்பர் 2025

செல்விக்கு,

உன் கடிதம் வந்து பல நாள் ஆகிறது. முதல் வாரம் உன்மேல் கோபமாக இருந்தேன். அதை மறைப்பானேன்?

இரண்டு நகலையும் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். இரண்டாவதை எழுதியது நினைவிருக்கிறது. எந்தப் பேனா என்பதுகூட நினைவிருக்கிறது. முதலாவதை எழுதியது நினைவில் இல்லை. கையெழுத்து என்னுடையது. உன் பதிலைப் பெட்டியில் தேடினேன். இருந்தது. உறையை நான்தான் கத்தரியால் நேராக வெட்டியிருக்கிறேன்.

பச்சையம்மாவை உட்கார வைத்து, என்னிடம் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டேன். கூடைத் துணியைத் திருகிக்கொண்டே இருந்தாள். "இன்னாத்த சொல்றது. ஒரே நாள்ல ரெண்டு வாட்டி மீனு கேட்ட. கதவத் தொறந்துபோட்டு உள்ள தூங்கிகினு இருந்த, நான்தான் சாத்திட்டுப் போனேன். சொன்னா நீ கோச்சிக்குவே, அதான்..." என்றாள். எல்லோரும் என் கோபத்துக்குப் பயந்திருக்கிறார்கள். நான் வேறொன்றுக்குப் பயந்துகொண்டிருந்தேன்.

டிஸ்க் பழுது என்று தெரிந்த அன்று அப்படி ஒரு சந்தோஷம் வந்ததே, அதை இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது. அதைச் சோதித்துப் பார்க்க நீ ஒரு வழி சொன்னாய். பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தோம். என்னை நான் எப்படிச் சோதிப்பேன்? சோதித்ததும் மறந்துபோனால்?

அஜினிடம் நானே போனில் சொன்னேன், நகலை வாசித்தும் காட்டினேன். அவன் அழுதான். குடியிருப்பைப் பற்றிப் பேசவில்லை. ஜனவரி முதல் வாரம் நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறான். முடிவை டாக்டர் சொன்ன பிறகு பேசலாம் என்றேன், ஒப்புக்கொண்டான். ஞாயிறு தாளை இனி மகிமாவும் நானும் சேர்ந்து வாசித்துத்தான் அனுப்புவோம் என்று போதகரிடம் சொல்லிவிட்டேன்.

நீ வா. ரயிலில் கீழ்ப் படுக்கை கேட்டு வாங்கு. எழும்பூரில் இறங்கி ஆட்டோ பிடி. உன்னை அழைத்துவர நான் ஸ்டேஷனுக்கு வர வேண்டாம் என்று அஜின் சொல்லியிருக்கிறான், நானும் சரி என்றுவிட்டேன். தைலத்தை மறக்காமல் எடுத்து வை.

இன்னொன்று. நான் கதவைத் திறந்து, "யார் உன்னை வரச்சொன்னது?" என்று கேட்கக்கூடும். அப்படிக் கேட்டாலும் நீ கோபித்துக்கொள்ளாதே, திரும்பிப் போகாதே. பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிடு.

உன் அக்கா
தேவப்பிரியம்